மேலே ஏறிப் பார்த்தவருக்கே சீலிங் வேலை

மாசி மாதம் குற்றாலத்தில் ஏதாவது ஒரு விடுதிக்குள் எட்டிப் பாருங்கள். கட்டில்களைச் சுவரோரம் சாய்த்து, மின்விசிறிக்குச் சாக்கைச் சுற்றி, சாரம் கட்டி, யாராவது அண்ணாந்து நின்றுகொண்டிருப்பார்கள். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் ஊறிய சீலிங், வெயில் ஏறியதும் பொரிந்து உதிர ஆரம்பித்திருக்கும். அடுத்த சீசனுக்குள் அறை தயாராக வேண்டும். தென்காசி வட்டாரத்தில் வருஷம் தவறாமல் வரும் வேலை இது. புது வீடு கட்ட ஆள் கிடைக்கிறது. புதிதாகப் பால்சீலிங் போடவும் ஆள் கிடைக்கிறது. ஆனால் இரண்டடி அகலத்துக்கு டெக்ஸ்சர் உதிர்ந்திருக்கிறது, ஒட்டுப்போட்டது தெரியாமல் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்டால், "மொத்தத்தையும் கொத்திட்டுப் புதுசாப் போட்டிரலாம் அண்ணாச்சி" என்ற பதில்தான் வருகிறது.

அந்தப் பதிலைச் சொல்லாத ஆளாக நீங்கள் ஆகிவிட்டால் பிழைப்புக்குப் பஞ்சமில்லை. கொத்து வேலையோ பெயிண்ட் வேலையோ ஓரளவு கைவந்து, இனி தனியாகக் காலூன்றலாம் என்று யோசிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் நுழைகிறது. செப்டம்பர் வரை சாரல். குற்றாலச் சாரல் நேராகக் கொட்டுவதைவிடக் காற்றோடு சாய்ந்து வருவதுதான் அதிகம். மேலிருந்து நனையாத தளத்தின் ஓரத்தில்கூட, மேற்குச் சுவர் குடித்த தண்ணீர் இறங்கிச் சீலிங் மூலையைக் கருக்கிவிடும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையில், அதுவரை ஒழுகாத தளங்களும் ஒழுகின.

விடுதிக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் வந்து தங்குவார்கள். அப்போது அறையைப் பூட்டி வேலை பார்க்க விடமாட்டார்கள். ஆக, ஜனவரி கடைசியிலிருந்து மே கடைசி வரை நான்கு மாதம்தான் உங்களுக்கு. அந்த நான்கு மாதத்தில் ஆள், சாமான், சாரக் கம்பு எல்லாம் உங்கள் கையில் இருக்க வேண்டும். மே மாதம் 20ஆம் தேதி புது வேலை ஒப்புக்கொள்கிறவர் பூச்சு காய்வதற்கு முன்பே வர்ணம் அடித்துக் கெட்ட பெயர் வாங்குவார்.

மீதி மாதங்களில் சும்மா இருக்க வேண்டாம். ஒழுகும்போதுதான் ஒழுக்கைச் சுலபமாகக் கண்டுபிடிக்க முடியும். ஆகவே சாரல் மாதங்களில் கரண்டியை வைத்துவிட்டு நோட்டை எடுங்கள். வீடு வீடாகப் பார்த்து, தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து, எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று எழுதி, மதிப்பீடு கொடுத்து, பிப்ரவரிக்கு நாள் குறித்துவிடுங்கள். கடையநல்லூர், தென்காசிப் பக்கம் வளைகுடா நாடுகளில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகள் நிறைய. சாவி உறவினரிடம் இருக்கும். மேலே போய்ப் பார்க்க நாதி இருக்காது. வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்து, தூம்பைச் சுத்தம் செய்து, வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பும் ஒப்பந்தத்தைச் சின்னத் தொகைக்குப் போடுங்கள். அந்தச் சின்னத் தொகை பெரிய வேலைகளைக் கூட்டிவரும்.

ஏணி இருக்கா?

எங்கள் வீட்டுத் தார்சாவின் சீலிங்கில், சின்னத் தாம்பாளம் அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம் இருந்தது. மூன்று வருஷம், மூன்று பேர். ஒவ்வொருவரும் சுரண்டி, பட்டி பார்த்து, டெக்ஸ்சரை ஒத்தி, வெள்ளை அடித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு ஆடியிலும் வட்டம் அதே இடத்தில் எழும்பி வந்தது. நாலாவதாக வந்த வயதான கொத்தனார் சீலிங்கை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "ஏணி இருக்காம்மா?" என்று என் மனைவியிடம் கேட்டு மாடிக்கு ஏறிவிட்டார். வட்டம் இருந்த இடத்துக்கு நேர் மேலே தளம் சுத்தமாக இருந்தது. அவர் அங்கே நிற்கவில்லை. நாலடி தள்ளி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்த பேனா முனையை உள்ளே விட்டார். பாதிப் பேனா போனது. ஒரு வாளித் தண்ணீரை அந்த மூலையில் மட்டும் ஊற்றச் சொன்னார். இருபது நிமிஷத்தில் கீழே வட்டம் கருத்தது.

"இங்கன ஓட்டைய வச்சிக்கிட்டு அங்கன பூசி என்ன செய்ய?" என்றார். அன்று அவர் சீலிங்கில் பூசவே இல்லை. மூலையை மட்டும் வெட்டி, சரிவாக உருட்டிப் பூசிவிட்டு, "கீழ உள்ளத அடுத்த மாசம் காய்ஞ்ச பெறவு பாக்கலாம்" என்று போய்விட்டார். முன்னால் வந்த மூவருக்கும் நான் கொடுத்த கூலியைக் கூட்டினால் இவருக்குக் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு வரும்.

சீலிங்கில் தெரியும் கறையும் தண்ணீர் நுழைந்த இடமும் பெரும்பாலும் ஒரே இடமாக இருக்காது. தளத்துக்குள் வாட்டம் எங்கே இருக்கிறதோ, கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறதோ, மின்குழாய் எங்கே புதைந்திருக்கிறதோ, அங்கெல்லாம் தண்ணீர் நடந்து போய்த்தான் சொட்டும். கறையின் நிறம் கொஞ்சம் துப்புத் தரும். வளையம் வளையமாகப் பழுப்பு என்றால் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்த மழைத் தண்ணீர். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காங்கிரீட்டுக்குள் ஊறி வந்த தண்ணீர். கோடு போட்ட மாதிரி செம்பழுப்பு என்றால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. கறுப்புப் புள்ளிகள் என்றால் பூஞ்சை. காற்றோட்டமில்லாத குளியலறையில் வெந்நீர் ஆவி போய் ஒட்டியதாகவும் இருக்கலாம், அதற்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லை. மழையில்லாத சித்திரையிலும் ஈரம் இருந்தால் மாடியை விட்டுவிட்டு மேல்மாடிக் குழாயைப் பாருங்கள்.

தண்ணீர் தேக்கிப் பார்ப்பது நல்ல சோதனைதான். தூம்பை அடைத்து இரண்டங்குலம் நீர் கட்டி, ஒரு நாள் இரண்டு நாள் வைத்துப் பார்ப்பார்கள். ஆனால் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள்: 5 செ.மீ. தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ. பத்துக்குப் பத்தடி அறைக்கு மேலே ஏறக்குறைய 465 கிலோ நிற்கிறது. கம்பி துருப்பிடித்து உதிரும் தளத்திலும், மரக்கட்டை போட்ட பழைய தளத்திலும் இந்தச் சோதனை கூடாது. அங்கே வாளித் தண்ணீர் போதும்.

கம்பியைத் தொடும் வேலை

ஸ்குரூட்ரைவர் பிடியால் சீலிங்கை வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் கணீரென்று சொல்லும். பொக்கான இடம் பொத்தென்று சொல்லும். பொக்கான இடத்தைச் சாக்கட்டியால் வளைத்துக் கோடு போடுங்கள். வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்தித் தட்டிக் காட்டுங்கள். கண்ணுக்கு இரண்டடியாகத் தெரிந்தது காதுக்கு ஆறடியாகும்போது, நீங்கள் ஏமாற்றவில்லை என்று அவரே ஒப்புக்கொள்வார்.

உதிர்ந்த இடத்தில் கம்பி தெரிந்தால் அது டெக்ஸ்சர் வேலையே இல்லை. காங்கிரீட்டின் காரத்தன்மை இருக்கும்வரை உள்ளே கம்பிக்குப் பாதுகாப்பு. வருஷக்கணக்கில் காற்றின் கரியமில வாயு உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துவிட்டால், ஈரம் பட்டதும் துரு. துரு, இரும்பைப்போலப் பல மடங்கு இடம் கேட்கும். கீழே இருக்கும் காங்கிரீட்டைத் தள்ளி உடைத்துக்கொண்டு வரும். ஐஎஸ் 456:2000 விதிப்படி, சாதாரணச் சூழலில்கூடக் கம்பிக்கு 20 மி.மீ. மூடு காங்கிரீட் வேண்டும். பல பழைய வீடுகளில் கொத்திப் பார்த்தால் கம்பி பூச்சுக்கு மிக அருகில் படுத்திருக்கும்.

இங்கே பட்டியையோ பிஓபியையோ அப்புவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. பிஓபியில் இருக்கும் ஜிப்சம் கம்பிக்குக் காரப் பாதுகாப்புத் தராது. ஈரத்தோடு கம்பியை ஒட்டியிருந்தால் துருவை இன்னும் கூட்டும். தளர்ந்ததைக் கம்பிக்குப் பின்பக்கம் விரல் நுழையும் வரை கொத்தி எடுத்து, வயர் பிரஷ்ஷால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, ஒட்டுப்பால் தடவி, பாலிமர் கலந்த சாந்தை மெல்லிய அடுக்குகளாக ஏற்ற வேண்டும். ஒரே அப்பாக அப்பினால் அதன் பாரமே அதை இழுத்துக் கீழே போடும். கம்பி பாதியாய் மெலிந்திருந்தாலோ, தளம் நடுவில் தொங்கியிருந்தாலோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பொறியாளரைக் கூட்டிவாருங்கள். "இது என் வேலை இல்லை" என்று சொல்லத் தெரிவதும் இந்தத் தொழிலில் ஒரு தகுதி.

ஜிப்சம் பலகைப் பால்சீலிங் ஈரம் குடித்துத் தொப்பையாகத் தொங்கினால் முதலில் மெயினை நிறுத்துங்கள். மேலே தண்ணீர் நின்றுகொண்டிருக்கும், நடுவில் லைட் ஒயர் கிடக்கும். வாளியைக் கீழே வைத்து, தொங்கலின் நடுவில் ஸ்குரூட்ரைவரால் ஒரு துளை போட்டு வடியவிட்ட பிறகே பலகையில் கை வையுங்கள். சட்டங்கள் வழக்கமாக 457 மி.மீ. இடைவெளியில் ஓடும், வெட்டும் கோடு சட்டத்தின் நடுவில் விழுந்தால்தான் புதுப் பலகைக்குத் திருகு பிடிக்க இடம் கிடைக்கும். பழையது 12.5 மி.மீ. என்றால் புதியதும் அதே கனம். குளியலறைக்கு ஈரம் தாங்கும் பச்சை நிறப் பலகை.

ஒட்டு தெரியாமல் ஒட்டுவது

காசு வருவது இங்கேதான். ஒழுக்கை அடைத்ததை யாரும் கண்ணால் பார்க்கப் போவதில்லை. படுத்துக்கொண்டு சீலிங்கைப் பார்க்கிறவர் கண்ணில் படுவது ஒட்டுதான்.

டெக்ஸ்சர் என்று ஒரே பெயர் சொன்னாலும் விதங்கள் பல. ஸ்பாஞ்சால் ஒத்திய புள்ளி, உருளையால் இழுத்த ஆரஞ்சுத்தோல், பிரஷ்ஷைக் குத்திக் குத்தி எழுப்பிய முள், சீப்பால் அரைவட்டம் போட்ட விசிறி, துப்பாக்கியால் தெளித்த பொரி. முதலில் போட்டவர் எந்தக் கருவியைப் பிடித்தார் என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சீலிங்கோடு ஒட்டிப் படுக்கையாகப் பிடியுங்கள். நிழல் விழும். ஒரே மாதிரித் தடம் எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று அளந்தால் கருவியின் அகலம் தெரியும். விசிறி வேலையில் எது எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அடியில் இருப்பது முதலில் போட்டது. அவர் சன்னலிலிருந்து கதவுக்கு வந்தாரா, கதவிலிருந்து சன்னலுக்குப் போனாரா என்பது அதில் எழுதியிருக்கும். நீங்களும் அதே திசையில் போக வேண்டும்.

பிறகு அட்டை. வேலைக்குப் போகும்போதெல்லாம் ஜிப்சம் பலகைத் துண்டோ கெட்டி அட்டையோ இரண்டடிச் சதுரத்தில் கையோடு இருக்கட்டும். கலவையை அதில் போட்டுப் பாருங்கள். ஈரத்தில் எடுப்பாகத் தெரியும் முள், காய்ந்தால் சுருங்கி அமுங்கிவிடும். அதனால் காய்ந்த பிறகுதான் தீர்ப்பு. ஒரு கிலோ பவுடருக்கு எத்தனை மில்லி தண்ணீர் என்று நோட்டில் எழுதுங்கள். "கைப்பக்குவம்" என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். இரண்டு மாதம் கழித்து அதே விடுதியின் அடுத்த அறையில் அந்தக் கைப்பக்குவம் மறந்து போயிருக்கும். காய்ந்த அட்டையைச் சீலிங்கில் டேப் போட்டு ஒட்டி, தரையில் நின்று பாருங்கள். வீட்டுக்காரரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் தலையாட்டிய பிறகு கை வைத்தால் பின்னால் பேச்சு வராது.

ஒட்டின் ஓரம் நேர்கோடாக இருந்தால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கண் பிடித்துவிடும். பழைய டெக்ஸ்சரை ஓரம் வளைந்து நெளிந்து இருக்கும்படி சுரண்டுங்கள். ஓரத்தில் ஈர ஸ்பாஞ்சை ஒத்தி இளக்கி, புதுக் கலவையை வெளிப்பக்கம் போகப்போக மெலிந்துபோகும்படி ஒரு சாண் தூரம் இழுத்துவிடுங்கள். வர்ணம் ஒட்டுக்கு மட்டும் அடிக்கவே கூடாது. பழைய வெள்ளை மஞ்சளோடியிருக்கும். புது வெள்ளை அதன்மேல் துணியில் போட்ட ஒட்டுப்போல நிற்கும். சுவர் முதல் சுவர் வரை, அல்லது ஒரு உத்தரம் வரை முழுதாக அடியுங்கள். இதை முதல் நாளே மதிப்பீட்டில் சேர்க்காதவர் கடைசி நாளில் கைக்காசு போட்டு அடிக்க வேண்டிவரும்.

இரண்டு விஷயங்கள் மறக்கக் கூடாதவை. ஒன்று, பழுப்புக் கறைமேல் தண்ணீர் கலந்த பெயிண்ட் அடித்தால் கறை கரைந்து மேலே வந்துவிடும். கறையை அடைக்கும் பிரைமர் முதலில் வேண்டும். மற்றது ஈரம். ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு சீலிங்கில் ஒட்டுங்கள். மறுநாள் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். சாமானைக் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டு வேலையைப் பாருங்கள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஒத்தல், முள், விசிறி வேலைக்குப் பாரம் தூக்கும் பலம் தேவையில்லை. பொறுமையான மணிக்கட்டு போதும். கலவை சுமக்கும் பெண்கள் கையில் கரண்டியைக் கொடுக்காமல் அவர்களைக் காலமெல்லாம் சித்தாளாகவே வைத்திருப்பது நம் ஊர்ப் பழக்கம். நீங்கள் குழு சேர்க்கும்போது அந்தப் பழக்கத்தைத் தொடர வேண்டியதில்லை.

சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் சிமென்ட் வேண்டாம்

வட்டாரத்தின் பழைய வீடுகளில் கட்டைக்குத்துத் தளம் இன்னும் இருக்கிறது. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தி, தட்டோடு பதித்த தளம். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்ந்த சாந்து. அது மூச்சுவிடும், குடித்த ஈரத்தை வெயிலில் திருப்பிக் கொடுத்துவிடும். அதன் அடியில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, சுவருக்குள் இருக்கும் கட்டை முனை மக்கும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான். இந்த வேலை தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒருவர் கிடைத்தால் அரைக் கூலிக்கும் ஆறு மாதம் கூடப் போங்கள்.

குற்றாலம் சித்திரசபையைப்போல ஓவியம் தீட்டிய பழைய பூச்சு எங்கே கண்ணில் பட்டாலும் சுரண்டியை உறையில் போட்டுவிடுங்கள். அது பாதுகாப்பு வல்லுநர்களின் வேலை. ஆனாலும் பழுதுபார்க்கிறவர்களுக்குத் தென்காசியில் ஒரு தனி மரியாதை உண்டு. 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இக்கோயிலுக்குக் குறை வந்து, அதை நீக்கிக் காப்பவர்கள் யாராயிருந்தாலும் அவர்களைப் பணிகிறேன் என்று பாட்டாகவே கல்வெட்டில் பொறித்து வைத்தான். அந்தக் கோயிலின் ராஜகோபுரம் சிதைந்து, நெடுங்காலம் கழித்து 1990இல் ஒன்பது நிலையோடு மறுபடி எழுந்தது.

உடம்பும் காகிதமும்

சீலிங்காரருக்கு முதலில் போவது கண், பிறகு கழுத்து, தோள். கண்ணாடி போடாமல் ஒரு கொத்துகூடக் கொத்தாதீர்கள். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கையை இறக்குங்கள். ஏணியில் நின்று மணிக்கணக்கில் வேலை செய்யாதீர்கள். ஒரு ஆள் நிற்கும் சாரமே போதும். வீட்டு பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1 முதல்தான். அதற்கு முந்தைய வர்ணம் என்றால் உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உலர்வாக அறுக்கவோ துளைக்கவோ கூடாது. வெளிநாடு போகிறவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அமெரிக்காவின் பழைய பாப்கார்ன் சீலிங்கிலும் பிரிட்டனின் பழைய ஆர்டெக்ஸ் பூச்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அமெரிக்காவில் தெளிப்புப் பூச்சுக்குத் தடை வந்தது 1978இல். பிரிட்டனில் முழுத் தடை 1999இல். பரிசோதனைச் சீட்டு பார்க்காமல் அங்கே சுரண்டியை எடுக்காதீர்கள்.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். 1994இலிருந்து இருக்கிறது, 18 வயது முதல் 60 வரை பதியலாம். வங்கிக் கணக்கிலிருந்து வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் 2 லட்சம் வரை கிடைக்கும். குழுவில் எல்லோரையும் அதில் சேர்த்துவிடுங்கள். சேவை வருமானம் வருஷம் 20 லட்சத்தைத் தொடும்வரை ஜிஎஸ்டி கவலை பொதுவாக இல்லை.

கூலியைச் சதுர அடியில் பேசாதீர்கள். நாலு சதுர அடி ஒட்டுக்கும் மூன்று தடவை போக வேண்டும்: கொத்த ஒருநாள், பூச ஒருநாள், காய்ந்ததும் வர்ணத்துக்கு ஒருநாள். நாள் கணக்கிலோ வேலைக்கு இவ்வளவு என்றோ பேசி, அதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்று ஒரு தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டில் ஒழுக்கை அடைப்பது, தளத்தைச் சீராக்குவது, டெக்ஸ்சரும் வர்ணமும் என்று மூன்று வரி தனித்தனியாக இருக்கட்டும். வீட்டுக்காரர் முதல் வரியை அடித்துவிட்டு மூன்றாவதை மட்டும் செய்யச் சொன்னால், "மழைக்கு மறுபடி வரும், அதுக்கு நான் பொறுப்பில்ல அண்ணாச்சி" என்று அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே முதல் வரிக்கும் சம்மதித்துவிடுவார்கள்.

ஜூனில் முதல் சாரல் விழுந்து மூன்றாம் நாள், செய்து கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போன் போடுங்கள். "அண்ணாச்சி, மாடி ரூம்ல அந்த மேக்கு மூல எப்படி இருக்கு? காய்ஞ்சிதான கெடக்கு? இல்லன்னா சொல்லுங்க, சாயங்காலம் வந்து பாக்கேன்."